மிக்ஸர் யாருடையது?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் ஆறு வருடமாக நடத்திய இசைக்குழு இந்த மாசித் திருவிழாவோடு உடைந்துவிட்டது. நான் கீபோர்ட். மிக்ஸர், ஸ்பீக்கர் எல்லாம் நான் வாங்கியவை. பாடுகிறவர் வேறு குழுவுக்குப் போய், எங்கள் குழுவின் பெயரையே நோட்டீசில் போட்டுக்கொள்கிறார். கொழும்பில் கடை வேலை பார்க்கிற, ரிதம் பேட் (மின்சாரத் தாள வாத்தியம்) வாசிக்கிற பேட்காரரும் இனி வரமாட்டேன் என்கிறார். எல்லோருக்கும் தலைக்கனம். நண்பர்களோடு சேர்ந்து இசைக்குழு நடத்தவே கூடாதா?
- பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இடமில்லாமல் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் 'என் மிக்ஸர்', 'என் ஸ்பீக்கர்', 'என் குழு' என்று பதினோரு இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். 'எங்கள் குழு' இரண்டே இடம், அதில் ஒன்று பாடகரைத் திட்டுகிற இடம். தலைக்கனத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கணக்குக்கு வருவோம்.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஒரு ராத்திரிக்கு 60,000 ரூபாய், லொறிக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் 18,000 போக மிச்சம் 42,000, அதை ஆறு பங்காக்கி உங்களுக்கு இரண்டு. அதாவது உங்களுக்கு 14,000, மற்றவர்களுக்கு ஆளுக்கு 7,000. சாமான் வாங்கினவனுக்கு ஒரு பங்கு கூட வருவது நியாயம்தான், அம்மாவின் சீட்டுக் காசில் வாங்கிய மிக்ஸர் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்பது வேறு. இந்த இரண்டு பங்கு விஷயத்தை நாலு பேரையும் உட்காரவைத்து என்றைக்காவது சொன்னீர்களா? 'அவர்களுக்கே தெரியும்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். தெரியும் என்பது வேறு, சொன்னது வேறு. தேயிலை மலையில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கு என்று சொல்லாமல் இரண்டு கிலோ வெட்டி, அந்தியில் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம் போட்டால் உங்கள் வீட்டுப் பொம்பளைகள் சும்மா இருப்பார்களா? பேட் வாசிக்கிற பிள்ளைக்கு நீங்கள் போட்டது அரைப்பேர்தான். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, ராத்திரி முழுக்க வாசித்து, இரண்டு நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு 7,000 ரூபாயோடு திரும்புகிறவன் பஸ்ஸில் தூக்கம் வராமல் அந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்திருப்பான்.

உடைந்த பெரிய குழுக்களைப் பார்த்தாலும் இதே மாதிரிக் கதைதான். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு பிரிந்ததற்குச் சங்கீதம், கல்யாணம் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள், ஆனால் அவர்களுடைய மேனேஜர் 1967இல் இறந்த பிறகு கணக்கு வழக்கை யார் பார்ப்பது என்பதில் மூன்று பேர் ஒரு பக்கம், பால் மெக்கார்ட்னி மறுபக்கம் என்று நின்றார்கள், 1970 டிசம்பர் 31ஆம் திகதி அவர் மற்ற மூவர் மேலும் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். நம் பக்கம் விஸ்வநாதன் - ராமமூர்த்தி 1965இல் பிரிந்தவர்கள், மறுபடி ஒரு படத்துக்குச் சேர்ந்து இசையமைக்க முப்பது வருடம் ஆனது. அமெரிக்காவில் ஆர்.இ.எம். என்று ஒரு குழு. யார் மெட்டுப் போட்டாலும் பாட்டுக்குக் கீழே நாலு பேர் பெயரும் போடுவது என்று வைத்துக்கொண்டார்கள். 1997இல் டிரம்ஸ்காரர் விலகியும் குழு ஓடியது, 2011இல் நிறுத்தியபோதும் வழக்கு, வசை எதுவும் இல்லாமல் நிறுத்தினார்கள். அவர்கள் ஒன்றும் மகான்கள் இல்லை. பங்கை முன்கூட்டியே பேசிக்கொண்டவர்கள், அவ்வளவுதான்.

நான் யோக்கியன் மாதிரிப் பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு குழுவில் நானும் தபேலா வாசித்தேன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் அந்திக்குப் பிறகு பயிற்சி. ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு, பழைய எக்கோ மெஷின் ஒன்று வாங்கினோம். ஒரு திருவிழா ராத்திரி, பனி கொட்டுகிறது, தோல் இறங்கிப்போய்த் தபேலா தொப்புத் தொப்பென்கிறது. தப்பு அடிக்கிறவர்கள் தோல் காய்ச்சுகிற நெருப்போரமாக அதைக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் பேச்சு வந்தது: குழுவை விட்டுப் போகிறவன் எக்கோ மெஷினைக் கொண்டுபோகலாமா, கூடாதா? அவன் போட்ட நூறைத் திருப்பிக் கொடுத்தால் போதுமா? பேசி, கத்தி, சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டது. கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார். "என்னா தம்பி, பாடுறீங்களா, இல்ல கேசட்டப் போடவா?" என்று கேட்டார். கேசட்தான் போட்டார்கள். எக்கோ மெஷின் யார் வீட்டு அட்டலில் கிடக்கிறதோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நூறு ரூபாயும் வரவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெயரைப் பாடகர் எடுத்துக்கொண்டார் என்கிறீர்கள். அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான் என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்களே உளறியிருக்கிறீர்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயராகவும் பதியவில்லை. அப்புறம் எதைக் காட்டிச் சண்டை போடப்போகிறீர்கள்? பெயரை விட்டுவிடுங்கள், சித்திரைக்குள் புதுப் பெயர் ஒன்று கிடைக்காமலா போய்விடும்?

நண்பர்களோடு நடத்தலாமா என்றால், தாராளமாக நடத்தலாம். நண்பன் என்பதற்காகக் காசைப் பேசாமல் விடுவதுதான் கூடாது. 40 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். எந்தச் சாமான் யாருடையது, அதற்கு வாடகையா பங்கா, தூரத்திலிருந்து வருகிறவனின் பஸ் காசு பொதுச் செலவா, விலகிப் போகிறவன் எதைக் கொண்டுபோகலாம், அட்வான்ஸ் வாங்கிய கச்சேரிக்கு ஒருவன் வராவிட்டால் என்ன செய்வது, இதையெல்லாம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் யோசனையைக் கேட்டால் மிக்ஸருக்கும் ஸ்பீக்கருக்கும் வாடகை என்று ஒரு தொகையை லொறிக் கூலி மாதிரி முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தை ஐந்தாகவே பிரியுங்கள். கையில் வருகிற தொகை கிட்டத்தட்ட அதே 14,000ஆகக்கூட இருக்கலாம், ஆனால் மிக்ஸருக்குப் போனது எவ்வளவு, உங்களுக்கு வந்தது எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

பாடகர் திரும்பி வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை, அவரிடம் ஓடவும் வேண்டாம். பேட்காரருக்குப் பேசுங்கள். மாசித் திருவிழாவுக்கு அவர் வந்துபோன பஸ் காசை இன்னும் கொடுக்கவில்லை என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பேசுவதற்கு முன்னால் அதை அனுப்பிவிடுங்கள்.