சொந்த ரூட்டர் வைத்ததற்காக இணைப்பைத் துண்டிக்க முடியுமா?

கேள்வி: வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், கேரள எல்லைக்குள் குடியிருக்கிறோம். தாத்தா கட்டிய மண்சுவர் வீடு. கோயம்புத்தூரில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு நிறுவனத்தில் ஃபைபர் இணைப்பு எடுத்திருக்கிறோம். அவர்கள் கொடுத்த பெட்டியின் வைஃபை பின்கட்டு அறைக்கு எட்டவில்லை. அந்த அறையில்தான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அதனால் 4,200 ரூபாய்க்கு ஒரு ரூட்டர் வாங்கி, அவர்கள் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்துப் பொருத்தினேன். நன்றாக வேலை செய்தது. ஆடிக் காற்றில் நெட் போனதும் வந்த ஆள், ‘வெளி ரூட்டர் போட்டிருக்கீங்க, இனி எங்க பொறுப்பு இல்ல, கழட்டலைன்னா கனெக்‌ஷனையே கட் பண்ணிடுவோம்’ என்று சொல்லிப் போய்விட்டார். 9 நாள் நெட் இல்லை. கடைசியில் ரோட்டோரக் கம்பத்தில் அறுந்திருந்த ஒயரைக் கட்டினார்கள். பில்லில் மாதம் 100 ரூபாய் ‘கருவி வாடகை’ வேறு வருகிறது. சேரும்போது அதைச் சொல்லவே இல்லை. வழக்கு என்றால் கோவை நீதிமன்றத்தில் மட்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. எனக்கு என்ன வழி?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, அறுந்த ஒயர் ரோட்டோரக் கம்பத்தில் இருந்தது என்ற வரி. சட்டத்துக்குப் போவதற்கு முன் அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். இந்த வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது.

உங்கள் சுவரில் இருக்கும் பெட்டி ஒன்றுதான், ஆனால் அது இரண்டு வேலை செய்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுவது ஒன்று. அந்தப் பாகத்துக்கு ஓ.என்.டி. என்று பெயர். வந்த இணையத்தை வீட்டுக்குள் வைஃபையாகப் பரப்புவது இன்னொன்று. இது ரூட்டர் வேலை. ஓ.என்.டி.யை மாற்ற நிறுவனம் சம்மதிக்காததில் நியாயம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கென்று தனியாக ஓர் இழை அலுவலகத்திலிருந்து வருவதில்லை. ஒரே இழையைப் பிரித்து 32 வீட்டுக்கு, சில இடங்களில் 64 வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் தனக்கு ஒதுக்கிய நொடித்துளியில் மட்டும் ஒளி அனுப்பவேண்டும். தவறான ஒரு பெட்டி இடைவிடாமல் ஒளி அனுப்பினால் அதே இழையில் உள்ள மற்ற வீடுகளுக்கும் நெட் போய்விடும். அதனால்தான் பெட்டியின் வரிசை எண்ணைத் தங்கள் கருவியில் பதிந்து வைத்து, அந்தப் பெட்டியை மட்டும் அனுமதிக்கிறார்கள்.

நீங்கள் அதைத் தொடவே இல்லை. பெட்டியின் லேன் துளையிலிருந்து கேபிள் எடுத்து உங்கள் ரூட்டருக்குக் கொடுத்தீர்கள். நிறுவனத்தின் வலையமைப்புக்கு இது ஒரு கணினியைச் செருகியதைப் போலத்தான். ஒளி இழைக்கும் உங்கள் ரூட்டருக்கும் நேரடித் தொடர்பே கிடையாது.

அடுத்த முறை நெட் போனால் முதலில் அவர்கள் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம். வீட்டு ரூட்டர் எதைச் செய்தாலும் அந்த விளக்கைச் சிவப்பாக்க முடியாது. தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். உங்கள் ரூட்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு போட்டோ எடுங்கள். வக்கீல் நோட்டீஸில் பத்து பத்தி எழுதினாலும் இந்த இரண்டு போட்டோவுக்கு ஈடாகாது. ஆடியில் அப்படி எடுத்த படமோ, அந்த ஆளுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அந்த போனை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஒன்று, தனக்குப் பிடித்த இணைப்புக் கருவியைப் பயன்படுத்தும் உரிமையை வாடிக்கையாளருக்கு நேராகவே கொடுக்கிறது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் நிறுவனம் தன் ரூட்டரைத் திணிக்க முடியாது. இங்கே அப்படி ஒரு வரியைக் காட்டி வாதாட உங்களை அனுப்பமாட்டேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே உங்களுக்குப் போதும்.

அதில் ‘சேவை’ என்பதன் விளக்கத்திலேயே தொலைத்தொடர்பு இடம்பெற்றிருக்கிறது. 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தைக் காட்டி நுகர்வோர் ஆணையம் இதை விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் வெகுகாலம் வாதாடின. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆகவே கதவு திறந்தே இருக்கிறது.

கம்பத்தில் அறுந்த ஒயரை, சம்பந்தமே இல்லாத உங்கள் ரூட்டரைக் காரணம் காட்டி 9 நாள் கட்டாமல் விட்டது பிரிவு 2(11)-இன் கீழ் சேவைக் குறைபாடு. ‘எங்கள் ரூட்டரைப் பயன்படுத்தினால்தான் இணைப்பு’ என்பதைப் பிரிவு 2(41)-இல் கொண்டுவர வாதாடலாம். ஒன்றை வாங்க இன்னொன்றையும் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ கட்டாயப்படுத்துவதை அந்தப் பிரிவு கட்டுப்பாடான வணிக நடைமுறை என்கிறது. முதல் வாதம் கல்லைப் போன்றது. இரண்டாவது நல்ல வாதம்தான், ஆனால் எதிர்த்தரப்பும் பேச இடம் உண்டு. மனுவில் அந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘இந்த ஒப்பந்தமே நியாயமற்றது’ என்று மனுவின் தலையில் எழுதிவிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, திருவனந்தபுரத்தில் மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். நூறு ரூபாய் வாடகைக்காக அவ்வளவு தூரம் அலையவேண்டாம்.

கோவை நீதிமன்றம் என்ற வரியைப் பார்த்து நம் எல்லைப்புறத்து ஜனங்கள் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பிரிவு 34-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நுகர்வோர் சட்டம் தரும் வழி மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலானது என்று பிரிவு 100 சொல்கிறது. ஆகவே பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போங்கள், வாளையாறு தாண்ட வேண்டியதில்லை. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும். ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். காணொளி வழியாக விசாரிக்கக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. மனுவை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள், தமிழில் உள்ள செய்திகளுக்கு மொழிபெயர்ப்பு வையுங்கள்.

அதற்கு முன் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சுற்றுப் போகவேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 ஒழுங்குமுறைப்படி புகார் மையத்தில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். தீரவில்லையென்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் 39 நாளில் முடிவு சொல்லவேண்டும். டிராய் தனிப்பட்ட புகாரை விசாரிப்பதில்லை, அங்கே மனு போட்டுக் காத்திருக்காதீர்கள். மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்கள் பெட்டிக்குப் பின்னால் என் ரூட்டரைப் பொருத்தக் கூடாது என்று நான் கையெழுத்திட்ட எந்த நிபந்தனையில் இருக்கிறது? அதன் நகலை அனுப்புங்கள்.’ வாய்வார்த்தையாக மிரட்டியவர்கள் அதை எழுத்தில் தரத் தயங்குவார்கள். தந்தால் அதுவே உங்களுக்குச் சான்று.

வாடகை விஷயத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம், மறைக்காமல் சொல்கிறேன். ஓ.என்.டி. இன்னமும் உங்கள் சுவரில் வேலை செய்கிறது, அதற்கு வாடகை கேட்கலாம். சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தில் 100 ரூபாய் எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் பிரிவு 2(11)-இல் குறைபாடுதான். முதல் மாதத்திலிருந்து திருப்பிக் கேளுங்கள்.

டியூஷன் எடுப்பதால் ‘இது வணிகம், நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்று அவர்கள் சொல்லக்கூடும். வீட்டுத் திட்டத்தில், வீட்டு முகவரியில், குடும்பமே பயன்படுத்தும் இணைப்பு என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள். முக்கிய நோக்கம் எது என்றுதான் ஆணையம் பார்க்கும்.

நீங்கள் செய்யக்கூடாதவையும் உண்டு. கோபத்தில் அவர்கள் பெட்டியைத் திறப்பது, அதன் மென்பொருளை மாற்றுவது வேண்டாம். அது அவர்கள் உடைமை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவுப்படி, சொந்தப் பொருளைப் போல அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது. பக்கத்து வீட்டுக்கு ஒயர் இழுத்துக் காசு வாங்கினால் என்னாலும் காப்பாற்ற முடியாது. ரூட்டருக்கு நல்ல பாஸ்வேர்டு போடுங்கள். இங்கே கடையில் பில்லோடு வாங்கிய ரூட்டர் என்றால் அந்தப் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நம் பகுதியில் வளைகுடாவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ரூட்டர் கொண்டுவருவது வழக்கம். இந்தியாவில் விற்கும் வைஃபை கருவிக்கு மத்திய அரசின் ஈ.டி.ஏ. ஒப்புதல் இருக்கும், அந்த ரூட்டருக்கு அது இருக்கும் என்று சொல்ல முடியாது. நிறுவனம் கையில் ஒரு காரணத்தை நாமே கொடுக்கவேண்டாம்.

பெட்டியை வெறும் பாலமாக மாற்றும் பிரிட்ஜ் மோட், உங்கள் ரூட்டரே நேரடியாக இணைப்பில் நுழைவதற்கான பி.பி.பி.ஓ.ஈ. பாஸ்வேர்டு இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம், சில இடங்களில் தருகிறார்கள். கிடைக்காவிட்டால் அதற்காகச் சண்டை வேண்டாம். இப்போது பொருத்தியிருக்கும் முறையே உங்கள் பின்கட்டு அறைக்குப் போதுமானது.

இன்றே அந்த மின்னஞ்சலை அனுப்பி, புகார் எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். மேல்முறையீடு செய்து 39 நாள் கழிந்தும் பதில் வராவிட்டால், அல்லது அதற்குள் இணைப்பைத் துண்டித்தால், 9 நாள் பில் தொகை, (விண்ணப்பத்தில் எழுதியிருக்காவிட்டால்) வாடகை, நின்றுபோன வகுப்புகளுக்கான இழப்பீடு, செலவுத்தொகை நான்கையும் கேட்டுப் பாலக்காட்டில் மனு போடுங்கள். துண்டித்துவிட்டால் அதே மனுவோடு, இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவும் கேளுங்கள்.