சிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை: கோளாறு லினக்ஸிலா, டிரைவிலா?

கேள்வி: லேப்டாப்பில் உபுண்டு போட்டிருக்கிறேன். யுஎஸ்பியில் செருகும் டிவிடி ரைட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பழைய பாட்டு சிடிகள் நன்றாக ஓடுகின்றன. அக்காவின் கல்யாண டிவிடியைப் போட்டால் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. விற்றவர்கள் "லினக்ஸுக்கு டிரைவர் கிடையாது" என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். வேறு வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். அவர்கள் சொல்லும் காரணம் செல்லாது. இதற்குத் தேவையான டிரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், உபுண்டுவின் மையமான லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது, சிடி ஓடுவதே அதற்குச் சாட்சி.

சிடியைப் படிக்கும் லேசர் வேறு, டிவிடியைப் படிக்கும் லேசர் வேறு: முன்னது 780 நானோமீட்டர், பின்னது 650. ஒன்று கெட்டு மற்றது நன்றாக இருக்கலாம். ஆனால் லேசரைக் குறை சொல்வதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். இந்த மெல்லிய டிரைவுகளுக்குத் தனி அடாப்டர் கிடையாது, எல்லாமே யுஎஸ்பி வழியாகத்தான் வர வேண்டும். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900, தட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் சில டிரைவுகளுக்கு 500 போதாது. ஹப்பில் செருகியிருந்தால் கழற்றி நேராக லேப்டாப்பில் செருகுங்கள், கேபிளில் இரண்டு தலை இருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

அப்புறம் டெர்மினலைத் திறந்து "சூடோ டிமெசேஜ்" கட்டளையை (எழுத்துகள்: டி, எம், இ, எஸ், ஜி) டிவிடி போட்டதும் ஓட்டிப் பாருங்கள். "யுஎஸ்பி டிஸ்கனெக்ட்" என்று திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் மின்சாரம் அல்லது கேபிள். எஸ்ஆர்0 என்ற பெயரோடு (லினக்ஸ் உங்கள் டிவிடி டிரைவுக்கு வைக்கும் பெயர்) "மீடியம் எரர்", "ஐ/ஓ எரர்" என்று வரிசையாக வந்தால் லேசரோ தட்டோ. எது என்று தெரிய, கடையில் வாங்கிய சினிமா டிவிடி ஒன்றைப் போடுங்கள். வீட்டில் எழுதிய தட்டு ஒளியைக் குறைவாகத்தான் பிரதிபலிக்கும், அதனால் பலவீனமான லேசர் முதலில் அதில்தான் திணறும். சினிமா தட்டில் கோப்புகள் தெரிந்து படம் மட்டும் ஓடாவிட்டால் அது நகலெடுப்பதைத் தடுக்கப் போட்ட பூட்டு விஷயம், லிப்டிவிடி-பிகேஜி என்ற பொதியை நிறுவினால் சரியாகும், டிரைவைக் குறை சொல்ல வேண்டாம். சினிமா தட்டே தெரியாவிட்டால், இன்னொரு கணினியில் இதே டிரைவைச் சோதியுங்கள். அங்கும் அப்படியே என்றால் பழுது டிரைவில்தான்.

அப்படியானால் திரையைப் படமெடுத்து எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி பழுதான பொருளை விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. மசியவில்லையா, 1915க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

கல்யாண டிவிடியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது எந்த டிரைவில் திறக்கிறதோ அன்றே பழுதான தட்டுகளையும் படியெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு முழுதாகப் படியெடுங்கள். அது படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, கீறல் விழுந்த இடத்துக்கு அப்புறம் திரும்பி வந்து முயலும். உபுண்டுவில் பொதியின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ.