கொல்லையில் சரக்கொன்றை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கும்பகோணத்தில் சின்னக் கொல்லை, முழுக்கக் களிமண். போன வருஷம் வைத்த சரக்கொன்றைக் கன்று கோடையைத் தாங்கிவிட்டு ஐப்பசி மழையில் பட்டுப்போனது. மறுபடி வைக்கலாமா?

வைக்கலாம், குழியில் மட்டும் வேண்டாம். டெல்டாவில் கொன்றையைக் கொல்வது அக்னி நட்சத்திரம் இல்லை, அடைமழைத் தண்ணீர். களிமண்ணில் ஆழமாகக் குழி வெட்டி மணலும் எருவும் நிரப்பினால், அது அடியில் ஓட்டை இல்லாத தொட்டிதான். கொல்லைத் தண்ணீர் முழுக்க அங்கே வந்து தேங்கும். பட்ட கன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் கருத்து, உருவினால் தோல் கையோடு வந்தால், மண்ணில் சாக்கடை வாடையும் அடித்தால் சந்தேகமே வேண்டாம், வேரழுகல்தான்.

இந்த முறை தரைக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள். ஐந்தடி அகலமாவது வேண்டும். கொல்லை மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்தால் போதும். மேட்டைச் சுற்றி வாய்க்கால் இழுத்து, தண்ணீருக்கு வெளியே வழி விடுங்கள். கார்த்திகை வரை தண்ணீர் வடியாத பள்ளமான இடமென்றால் கொன்றையை மறந்துவிட்டுப் பூமருது வையுங்கள். ஆற்றோரங்களில் தானாக வளரும் மரம், ஈரத்துக்கு அஞ்சாது. கோடையில் ஊதாப் பூ பூக்கும். என்னைக் கேட்டால் டெல்டாக் கொல்லைகளில் பாதிக்கு அதுதான் பொருத்தம். மஞ்சள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கே மேடு!

திருவையாற்றில் எங்கள் கொன்றைக்கு எட்டு வயது. தழை அடர்த்தி, பூ இல்லை. துவைக்கும் தண்ணீர் தினமும் பாய்கிறது.

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். தை பிறந்ததும் அந்தத் தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள். மண் காய்ந்து, இலை கொட்டினால்தான் சரம் நன்றாக இறங்கும். யூரியா போடாதீர்கள். கவாத்து செய்வதானால் பூ முடிந்ததும் ஆனியிலேயே முடித்துவிடுங்கள். மாசியில் வெட்டினால் அந்த வருஷப் பூவையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். பூமருதுக்கு முறை வேறு. அது புதுத் தளிரின் நுனியில் பூப்பதால் தையில் வெட்டலாம்.

விதை போட்டோம், ஒன்றுகூட முளைக்கவில்லை.

தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே போகாது. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, உள்ளே வெளிறித் தெரிந்ததும் நிறுத்தி, ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். உப்பியதை மட்டும் விதையுங்கள்.

பச்சைப் புழு இலையைத் துளிர் விடாமல் தின்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

வளர்ந்த மரமென்றால் எதுவும் வேண்டாம், மறுபடி தழைக்கும். பெரும்பாலும் அது வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னக் கன்றில் மட்டும் கையால் பொறுக்கிவிடுங்கள்.

வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? புயலுக்கு நிற்குமா?

பத்தடிக்குக் குறையாமல். கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜாவுக்குத் தென்னையே நிற்கவில்லை, அதனால் எந்த மரத்துக்கும் நான் உத்தரவாதம் தரமாட்டேன். புரட்டாசிக்குள் காய்ந்த கிளைகளைக் கழித்து, தலைப்பாரத்தைக் குறையுங்கள். சின்னக் கொல்லையில் குல்மோகர் மட்டும் வைக்கவே வேண்டாம். மேலோட்டமான வேர், பொடுக்கென்று முறியும் கிளை.

பிள்ளைகள் கொன்றைக் காயைப் பொறுக்கி விளையாடுகிறார்கள். விஷமா?

உள்ளே இருக்கும் கருப்புச் சதை பேதி மருந்து. விளையாடட்டும், வாயில் வைக்க விடாதீர்கள். நிறையத் தின்றுவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.