மசாஜ் செய்துகொள்வதால் உடம்புக்கு உண்மையிலேயே நன்மை உண்டா?

உண்டு, குறிப்பாக வலிக்கு. "உடம்பிலுள்ள நச்சையெல்லாம் வெளியேற்றிவிடும்" என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 401 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு உடம்பு முழுக்க இதமான மசாஜ். இன்னொரு குழுவுக்கு வலிக்குக் காரணமான தசைகளையும் மூட்டுகளையும் பார்த்துச் செய்யும் மசாஜ். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வாரம் ஒருமுறை, பத்து வாரம். மசாஜ் செய்துகொண்ட இரு குழுவுக்கும் வலி நன்றாகக் குறைந்தது. இரண்டு முறைக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! வலிக்க வலிக்க அமுக்கினால்தான் குணமாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்களிடம் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். இதமாகச் செய்தாலே போதும். ஆனால் ஓராண்டில் அந்தப் பலன் பெருமளவு மங்கிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாள் முழுக்கக் கணினி முன் உட்காருவதால் எனக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே தசை கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்க்காமல் மெதுவாக அழுத்திப் பிடித்தால், முதலில் சுருக்கென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் மூச்சு தானாக நிதானத்துக்கு வரும், அப்புறம் கழுத்து சுலபமாகத் திரும்பும். அந்த இளக்கம் இருக்கும்போதே கழுத்துப் பயிற்சியையும் செய்துவிடுவேன். அன்று ராத்திரி தூக்கமும் நன்றாக வரும்.

குறைமாதக் குழந்தைகளுக்கும் இது உதவுகிறது. அமெரிக்க உளவியலாளர் டிஃபனி ஃபீல்ட் குழுவினரின் 1986 ஆய்வில், தினமும் மூன்று வேளை மெல்ல நீவிவிடப்பட்ட குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் அதிகமாக எடை கூடியது. ஆனால் அது மருத்துவமனையில், பயிற்சி பெற்றவர்கள் செய்தது. வீட்டில் செய்ய விரும்பினால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எல்லா வலிக்கும் மசாஜ் கூடாது. ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, தொட்டால் சூடாக இருந்து வலித்தால், யாரையும் உருவிவிட விடாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். நேராக மருத்துவரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் எலும்பு பலவீனமானவர்களும், படுப்பதற்கு முன்பே மசாஜ் செய்பவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.