கொம்புள்ள தேனீயும் ஒரு குண்டூசியும்

வணக்கம். ஆஸ்திரேலியாவில் கொம்புள்ள புதிய தேனீயைக் கண்டுபிடித்ததாகச் செய்தி படித்தேன். பார்த்தது 2019இல், பெயர் வைத்தது 2025இல். இத்தனை வருடம் என்ன செய்தார்கள்? அதைக் கொன்று ஊசியில் குத்தி வைப்பானேன்? நல்ல புகைப்படம் போதாதா?

சு., திருச்சி

அன்புள்ள சு.,

பிடிப்பது ஒரு காலைப்பொழுது வேலை. இதுவரை யாரும் பெயர் வைக்காதது என்று காட்டுவதுதான் பாடு. பெயர் பெற்ற தேனீ இனங்களே 20,000க்கு மேல். பெரும்பாலானவை தனித்தேனீக்கள், கூட்டமும் இல்லை, ராணியும் இல்லை, ஒவ்வொரு பெண்ணும் தானே பொந்து பார்த்து, தானே மகரந்தம் சேர்க்கிறது. நம் வீட்டு ரோஜா இலையைக் காசு போல வட்டமாக வெட்டிப் போகிறதே, அதுவும் நீங்கள் படித்ததும் மெகாகைல் என்ற ஒரே பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் ஒரே தொகுதி.

அதைக் கண்ட தேனீ ஆய்வாளர் கிட் பிரெண்டர்காஸ்ட் மேற்கு ஆஸ்திரேலியாவின் பிரெமர் மலைத்தொடருக்குப் போனது, அழிந்துவரும் ஒரு காட்டுச்செடியின் பூவுக்கு என்னென்ன பூச்சிகள் வருகின்றன என்று பார்க்க. அங்கே கிடைத்த பெண் தேனீயின் முகத்தில் இரண்டு கொம்புகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆணுக்குக் கொம்பே கிடையாது. பிறகு இரண்டும் ஓர் இனம் என்று எப்படிச் சொல்வது? மரபணு ஒப்பீடுதான் சொன்னது. அதோடு முடியவில்லை, அருங்காட்சியகப் பெட்டிகளில் உள்ள பழைய மாதிரிகளோடும் ஒத்துப்பார்க்க வேண்டும். வைத்த பெயர் 'லூசிஃபர்', கிறித்தவ மரபில் சாத்தானின் பெயர். கொம்புக்குப் பொருத்தம்தான், அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்த அதே பெயருள்ள தொலைக்காட்சித் தொடரும் ஒரு காரணமாம். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'ஒளி கொண்டுவருபவன்' என்று பொருள் என்பதால் மன்னித்துவிடலாம்.

கொல்வதில் எனக்கும் சங்கடம் உண்டு. ஆனால் தாடையில் எத்தனை பற்கள், ஆணின் வயிற்று நுனிக்குள் மடிந்திருக்கும் உறுப்பு என்ன வடிவம் என்பதையெல்லாம் புகைப்படம் காட்டாது. பெயர் ஓர் உடலோடு கட்டப்பட வேண்டும், சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்ப்பதற்கு.

அப்படி எடுத்துப் பார்க்க உதவிய ஒரு தேனீயின் கதை இது. 1858இல் இந்தோனேசியாவின் பச்சான் தீவில் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸுக்கு ஒரு பெண் தேனீ கிடைத்தது, கட்டைவிரல் நீளம். 1860இல் பூச்சியியலாளர் ஃபிரெடெரிக் ஸ்மித் அதற்குப் பெயர் வைத்தார். அப்புறம் நூறு வருடத்துக்கு மேல் யாரும் அதைக் காணவில்லை. 1981இல் பூச்சியியலாளர் ஆடம் மெஸ்ஸர் கரையான் கூட்டுக்குள் பிசின் பூசிய பொந்துகளில் அதை மறுபடி கண்டபோது, இது அதுவேதான் என்று சொல்ல ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஒரு குண்டூசியில் அந்தப் பழைய தேனீ இருந்தது.