நப்பின்னை என்று பெயர் வைத்தால் என்ன?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுக்கு மார்கழியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். திருப்பாவையில் வரும் நப்பின்னை என்ற பெயரை வைக்க எனக்கும் கணவருக்கும் ஆசை. மாமியார்தான் "நப்பாசை மாதிரி இருக்கு, ஊர்ல யாரும் வைக்காத பேர் நமக்கு எதுக்கு?" என்கிறார். பெயருக்கு என்ன அர்த்தம்? நிஜமாகவே யாரும் வைப்பதில்லையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் வாழ்த்துகள். நப்பின்னை கண்ணன் மணந்த ஆயர்குலப் பெண். பின்னை என்றால் பின் பிறந்தவள், இளையவள். கண்ணனின் அண்ணன் பலராமனைத் 'தம்முன்', அதாவது முன் பிறந்தவன், என்று பழைய பாட்டுகள் சொல்கின்றன அல்லவா, அதே வீட்டு வழக்குதான் இதுவும். முன்னால் நிற்கிற 'ந' சிறப்பைக் காட்டுகிற ஓர் எழுத்து. கீரர் நக்கீரர் ஆனதும், பூதனார் நப்பூதனார் ஆனதும் இப்படித்தான். சங்கப் புலவர்களில் நக்கண்ணையார், நச்செள்ளையார், நப்பசலையார் என்று பெண்களே வரிசையாக இருக்கிறார்கள். எனவே 'சிறப்புடைய இளையவள்' என்று மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். சிலர் புன்னை மரத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பெயர் ஆண்டாளுக்கு முன்பே இருக்கிறது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில், மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில் ஒரு காலை: குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, மாட்டுக் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று பயந்த இடைக்குல மூதாட்டி மாதரி, கண்ணன் ஆடிய குரவைக் கூத்தை நாமும் ஆடுவோம் என்று மகள் ஐயையிடம் சொல்லி, ஏழு பெண்களை நிறுத்தி ஏழு சுரத்தின் பெயர்களை வைக்கிறாள். அதில் குரல் என்ற சுரம் மாயவன், இளி பலராமன், துத்தம் பின்னை. இளங்கோ அவளை 'வரிவளைக்கைப் பின்னை' என்கிறார். ஆண்டாளும் அவளைக் கதவு திறக்கக் கூப்பிடும்போது 'சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்' என்றுதான் பாடுகிறாள். இரண்டு இடத்திலும் வளையலைப் பாருங்கள்.

அவளை மணக்க ஏழு காளைகளை அடக்க வேண்டும் என்று நிபந்தனை, கண்ணன் அடக்கினான். ஆழ்வார்கள் இந்த ஏழு ஏறுகளைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். எனக்குப் பிடித்தது பெரியாழ்வார் யசோதையாக மாறி, குழந்தைக்குத் தலை வாரிவிடக் காக்கையைக் கூப்பிடுகிற பாட்டு. தலை பின்னிக்கொள்ள அடம்பிடிக்கிற அந்தப் பொடியனை 'பின்னை மணாளனை' என்றுதான் ஆரம்பிக்கிறார்! தொட்டில் வயசிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது.

சீவக சிந்தாமணியில் இதைவிட சுவாரசியமான இடம் ஒன்று உண்டு. ஆயர் தலைவன் தன் மகள் கோவிந்தையைக் காவிய நாயகன் சீவகனுக்குக் கொடுக்க நினைக்கிறான். குலம் பார்க்காதே நம்பி, முருகன் வள்ளியை மணக்கவில்லையா, திருமால் நப்பின்னையை மணக்கவில்லையா என்று கேட்கிறான். சமணக் காவியத்தில் ஒருத்தர் பெண் கொடுக்கும்போது எடுத்துக்காட்டாகச் சொல்கிற அளவுக்கு அவள் அன்றைக்கு ஊரறிந்தவள்.

அப்படியானால் ஏன் யாரும் வைப்பதில்லை? என் கணக்கு இது. நம் பக்கத்தில் பெண் பெயர்கள் கோயில் தாயாரிடமிருந்துதான் வீட்டுக்குள் வந்தன. ஸ்ரீரங்கம் பக்கம் ரங்கநாயகி, மன்னார்குடியில் செங்கமலம், உங்கள் கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயிலால் கோமளவல்லி, திருச்சானூரால் அலமேலு. நப்பின்னைக்குப் பாட்டு இருக்கிறது, அப்படி ஊரே பெயர் சொல்கிற தனிச் சன்னிதி இல்லை. பெருமாள் பக்கத்தில் நிற்கிற இடங்களிலும் நீளாதேவி என்ற வடமொழிப் பெயர் முன்னால் வந்துவிட்டது. பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கிற ஊரில், பாட்டிக்கே இல்லாத பெயர் பேத்திக்கு எங்கிருந்து வரும்? இப்போது தமிழ்ப் பெயர் தேடுகிறவர்களும் யாழினி, இனியா, நிலா என்று மென்மையாகப் போய்விடுகிறார்கள். 'ப்பி'யும் 'ன்னை'யும் அவர்கள் காதுக்குக் கொஞ்சம் கனம். எனக்கு அந்தக் கனம்தான் பிடிக்கிறது, அது என் ருசி.

நப்பாசை விஷயத்தில் மாமியார் காது தப்பில்லை, ஓசை ஒன்றுதான். ஒன்று செய்யுங்கள்: மார்கழி 18, 19, 20 மூன்று நாளும், அதாவது பெரும்பாலும் ஜனவரி 2 முதல் 4 வரை, அந்தந்த நாள் திருப்பாவைப் பாட்டில் இந்தப் பெயர் வரும். கோயிலில் பாசுரம் சொல்கிற கோஷ்டியோடு அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நப்பின்னைதான் ராதை என்கிறார்களே, சரியா?
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: இரண்டு பேரும் ஆயர்குலத்துப் பெண்கள், இரண்டு பேரும் கண்ணனுக்கு நெருக்கம், அதோடு சரி. ஆழ்வார் பாசுரங்களில் ராதை என்ற பெயரே கிடையாது. ராதை பெரிதாகப் புகழ் பெற்றது 12ஆம் நூற்றாண்டில் கீத கோவிந்தம் பாடிய ஜெயதேவருக்குப் பிறகு. நப்பின்னையை ஆண்டாள் 'நந்தகோபாலன் மருமகளே' என்று கூப்பிடுகிறாள், ஒளித்துச் சந்திக்கிற காதலி இல்லை, வீட்டு மருமகள், சாவி அவள் கையில். கண்ணனை எழுப்ப வேண்டுமென்றால் முதலில் அவளை எழுப்ப வேண்டும் என்பதுதான் அந்த மூன்று பாட்டின் ஏற்பாடு. ஏழு காளைக் கதைக்கு உறவு தேடினால் பாகவதத்தில் வரும் கோசல நாட்டு இளவரசி நாக்னஜிதி கொஞ்சம் பக்கத்தில் வருவாள், அங்கேயும் ஏழு காளைதான். ஆனால் அவள் அரசன் மகள், இவள் இடைப்பெண்.

ஸ்ரீரங்கத்துக்காரர் என்பதால் உங்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராமானுஜர் திருப்பாவை சொல்லிக்கொண்டே பிச்சைக்குப் போவாராம். 'வளையொலிப்ப வந்து திறவாய்' என்று வரும் 'உந்து மதகளிற்றன்' பாட்டு முடிகிற நேரம் தம் குரு பெரிய நம்பி வீட்டு வாசலில் நிற்கிறார், நம்பியின் மகள் அத்துழாய் வளையல் குலுங்கக் கதவைத் திறக்கிறாள், நப்பின்னையே வந்துவிட்டாள் என்று இவர் மயங்கி விழுந்துவிட்டார். பெண் பயந்து உள்ளே ஓடிச் சொன்னதும், நம்பி எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று கண்டுபிடித்துவிட்டார் என்று முடியும் கதை.

கேள்வி: என் தங்கை மகளுக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டோம். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று வீட்டில் சண்டை. நியூமராலஜிக்காரர் ஒரு 'பி'யை எடுக்கச் சொல்கிறார்.
– வாசகர், சென்னை

பதில்: எடுக்காதீர்கள். ஒரு 'பி'யை எடுத்தால் வாசிக்கிறவர் 'நாபினை' என்பார். நடுவில் இரண்டு 'பி', அப்புறம் 'ஐ', இரண்டு 'என்', முடிவில் 'ஏ ஐ'. பிறப்புச் சான்றிதழில் எப்படி எழுதுகிறீர்களோ அதேதான் ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் வர வேண்டும், எழுத்து மாறினால் பின்னால் அலைச்சல். பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்திருந்தால், ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. அதனால் சண்டையை முடிக்க அவகாசம் இருக்கிறது.

செல்லப் பெயரில் மட்டும் கவனம். 'நப்பி' என்று கூப்பிடாதீர்கள், தமிழில் அது கஞ்சனைக் குறிக்கும், இங்கிலாந்துப் பக்கம் போனால் குழந்தைக்குக் கட்டுகிற டயப்பர் ஞாபகம் வரும். 'பின்னை' என்றே கூப்பிடுங்கள், ஆழ்வார்களும் பல இடத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாகர்கோவில் பக்கத்து உறவினர் இருந்தால் "பின்னே?" என்று கிண்டல் செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: இதே மாதிரி பழைய, அபூர்வமான பெண் பெயர்கள் இரண்டு மூன்று சொல்லுங்களேன்.
– வாசகி, மதுரை

பதில்: மேலே சொன்ன அத்துழாயே ஒன்று, துழாய் என்றால் துளசி. நக்கண்ணை இன்னொன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் மீது ஆசைப்பட்டு, அம்மாவுக்கும் பயந்து, ஊருக்கும் பயந்து அவள் பாடிய மூன்று பாட்டு புறநானூற்றில் 83, 84, 85ஆக இருக்கிறது. மதுரை என்பதால் ஐயை என்ற பெயரையும் யோசியுங்கள், மாதரியின் மகள், இரண்டே எழுத்து, ஆங்கிலத்தில் எழுதுவதுதான் கொஞ்சம் பாடு. நச்செள்ளையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அருமையான புலவர், ஆனால் பள்ளியில் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு 'நச்சு' என்றே கூப்பிடுவார்கள்.