இணையக் கதையை எந்தப் பகுப்பில் போடுவது?

வாசகர் கேள்வி – பதில்

பலர் கூடித் தொகுக்கும் விக்கிகளில் இணையப் புனைவுகளைப் பகுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில். (பகுப்பு என்பது ஒரே தன்மையுள்ள பக்கங்களைத் திரட்டிக் காட்டும் பட்டியல்.) மீடியாவிக்கி மென்பொருளில் ஓடும் விக்கிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் விக்கியில் ‘இணையப் புனைவுகள்’ என்று ஒரே ஒரு பகுப்பு. அதில் 600 பக்கங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. வகைமைப்படி (திகில், காதல் என்பதுபோல்) பிரிக்கலாம் என்கிறார் ஒருவர். வெளியான தளத்தின்படி என்கிறார் இன்னொருவர். முடிந்தவை, முடியாதவை என்று இரண்டாக்கினால் போதும் என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வது சரி?

பதில்: மூவரும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் தொகுப்பவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கம் நீண்டுகொண்டே போகிறது. ஒரு கதையைப் பற்றி இப்படியெல்லாம் கேட்கலாம்: என்ன வடிவம் (தொடர்கதையா, சிறுகதையா, வாசகர் தேர்வுக்கேற்பக் கிளை பிரியும் கதையா)? என்ன வகைமை? எந்த மொழி? எந்த ஆண்டு தொடங்கியது? எங்கே வெளியானது? முடிந்துவிட்டதா? ஒரு பகுப்பு இவற்றில் ஒன்றுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும். ‘வடிவம் வாரியாக இணையப் புனைவுகள்’, ‘வகைமை வாரியாக இணையப் புனைவுகள்’ என்று தாய்ப்பகுப்புக்கு அடியில் தனித்தனிக் கிளை போடுங்கள். இந்த ‘வாரியாக’ப் பகுப்புகளில் துணைப்பகுப்புகள் மட்டும் இருக்கட்டும், கதைப் பக்கங்கள் அவற்றுக்கும் கீழே இருக்க வேண்டும். ஒரே கதை வடிவக் கிளையில் ஓரிடத்திலும் வகைமைக் கிளையில் ஓரிடத்திலும் இருப்பது தவறே இல்லை. ‘இணையத் திகில் கதைகள்’ பகுப்பில் இருப்பதை மறுபடி தாய்ப்பகுப்பிலும் வைப்பதுதான் தவறு.

எந்தெந்தக் கிளை வேண்டும் என்று விவாதித்து முடிவு செய்யாதீர்கள், சோதித்துப் பாருங்கள். 600-ல் 50 பக்கங்களை எடுத்து ஒரு விரிதாளில் வரிசையாக எழுதி, மேலே சொன்ன கேள்விகளை நெடுக்குக் கட்டங்களாகப் போட்டு, கட்டுரையில் உள்ளதை மட்டும் வைத்து நிரப்புங்கள். 40 பக்கங்களுக்காவது பதில் கிடைக்கிற கேள்வி பகுப்பாகத் தகும்; பாதிக்குப் பாதி காலியாகக் கிடப்பது தகாது. அகரவரிசையில் முதல் 50-ஐ எடுத்துவிடக் கூடாது. ஒரே தொடரின் பாகங்கள் அடுத்தடுத்து நின்று கணக்கைக் கெடுத்துவிடும்.

ஆர்வக் கோளாறில் பலர் செய்வது ஒன்று உண்டு: ‘முடிவடைந்த அறிவியல் புனைவு இணையத் தொடர்கள்’ போன்ற கலப்புப் பகுப்பு. 5 வடிவம், 8 வகைமை, 3 நிலை என்று பெருக்கினால் 120 பகுப்புகள் வரும். அவற்றில் பலவற்றில் ஒற்றைப் பக்கம்கூடத் தேறாது. சிரஸ்சர்ச் என்னும் தேடல் நீட்சியை (கூடுதல் மென்பொருளை) நிறுவிய விக்கிகளில், தேடல் பெட்டியில் ‘இன்கேட்டகரி’ கட்டளையை இரண்டு பகுப்புப் பெயர்களோடு இரண்டு முறை கொடுத்தால் இரண்டிலும் உள்ள பக்கங்கள் மட்டும் வந்து நிற்கும். கலப்புப் பகுப்பு செய்யும் வேலையைத் தேடலே செய்துவிடுகிறது.

பகுப்புப் பக்கம் ஒரு தடவைக்கு 200 உறுப்பினர்களைக் காட்டும். அந்த எண்ணைத் தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் பிரிக்கக் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வந்த கதை, பிறகு அச்சு நூலாகிவிட்டது. ஆசிரியர் தளத்திலிருந்து நீக்கியும் விட்டார். இனி இது இணையப் புனைவா, நாவலா?

பதில்: இரண்டும்தான். ஒரு படைப்பு இன்று எங்கே கிடைக்கிறது என்பது நாளை மாறும். முதலில் எங்கே வெளியானது என்பது மாறாது. மாறாததைப் பகுப்பில் வையுங்கள். ஆண்டி வியரின் ‘தி மார்ஷன்’ அவருடைய சொந்தத் தளத்தில் தொடராக வந்தது. 2011-ல் அவரே மின்னூலாக்கினார். 2014-ல் பதிப்பகம் ஒன்று அச்சிட்டது. இதற்கு ‘இணையத்தில் முதலில் வெளியான நாவல்கள்’ என்ற பகுப்பும் பொருந்தும், ‘அறிவியல் புனைவு நாவல்கள்’ என்ற பகுப்பும் பொருந்தும். அச்சுப் பதிப்புக்கென்று தனிப் பக்கம் வேண்டாம். கதைப்போக்கே மாறுகிற அளவுக்குத் திருத்தி எழுதப்பட்டு, அந்தத் திருத்தம் பற்றி எழுதவும் விஷயம் இருந்தால் மட்டும் பிரிக்கலாம்.

ஆண்டுப் பகுப்பில்தான் இழுபறி வரும். தொடர் தொடங்கிய ஆண்டா, நூலான ஆண்டா? விக்கி முழுக்க ஒரே விதி இருக்கும்வரை எதுவானாலும் பழுதில்லை. எங்கள் ஓட்டு தொடங்கிய ஆண்டுக்கே. நூலாகாத தொடர்களும் முடிவே காணாத தொடர்களும் நிறைய. தொடக்கம் எல்லாவற்றுக்கும் உண்டு.

மறுதிசையில் வருவதைச் சேர்க்கக் கூடாது. அச்சில் வந்து பல ஆண்டுகள் கழித்து எழுத்தாளர் தன் தளத்தில் ஏற்றிய சிறுகதை இணையப் புனைவு ஆகாது. அதை அனுமதித்தால், மின்னாக்கம் செய்யப்பட்ட பழைய நாவல்கள் அத்தனையும் பின்னாலேயே வந்துவிடும். இதழின் அச்சுப் பிரதியிலும் அதன் தளத்திலும் ஒரே சமயம் வந்த கதையையும் விட்டுவிடுவதே நல்லது. வலைக்கு முந்திய காலத்தில் நெகிழ்வட்டில் விற்கப்பட்ட, இணைப்புகளைச் சொடுக்கிப் படிக்கும் மீயுரைக் கதைகளைச் சிலர் இங்கே கொண்டுவந்து சேர்ப்பார்கள். அவை கணினியில் படிப்பவைதான், ஆனால் இணையத்தில் வெளியானவை அல்ல. அவற்றுக்கு ‘மின்னணு இலக்கியம்’ என்ற தனிப் பகுப்பு பொருத்தம். ஜப்பானில் கைபேசித் தளங்களில் வெளிவந்து பரவிய கைபேசி நாவல்களோ தயக்கமில்லாமல் இங்கே வரலாம்.

தளத்தில் நீக்கப்பட்ட கதைக்கு ஆதாரம் காட்ட இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். அங்கே கிடைக்கும் முதல் நகலின் தேதி, அந்தப் பக்கத்தைப் படம்பிடித்த தேதி மட்டுமே. ‘இந்தத் தேதிக்குள் வெளியாகியிருந்தது’ என்பதற்கு அது சான்று. ‘இந்தத் தேதியில் வெளியானது’ என்பதற்குச் சான்று ஆகாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஆண்டுப் பகுப்பைத் தவறாகப் போட்ட பக்கங்கள் ஏராளம்.

எந்த முடிவுக்கு வந்தாலும் அதைப் பகுப்பின் பக்கத்திலேயே மூன்று வரியில் எழுதி வையுங்கள்: எது சேரும், எது சேராது, சேராதது எங்கே போகும். பேச்சுப் பக்கத்தில் புதைந்து கிடக்கும் முடிவைப் புதிதாக வருபவர் தேடிப் படிக்க மாட்டார்.

கேள்வி: ஒரு கதைக்கு ஒருவர் ‘திகில்’ போடுகிறார், மற்றவர் அதை எடுத்துவிட்டு ‘மர்மம்’ போடுகிறார். வாரக்கணக்கில் நடக்கிறது. எழுத்தாளரோ தளத்தில் 14 குறிச்சொற்கள் கொடுத்திருக்கிறார்.

பதில்: குறிச்சொல்லும் பகுப்பும் ஒன்றல்ல. குறிச்சொல்லை எழுத்தாளர் வாசகரைப் பிடிக்கப் போடுகிறார்; மெலிதாக ஒரு காதல் காட்சி வந்தாலே ‘காதல்’ என்று இருக்கும். பகுப்பு, அந்தப் படைப்பை அறிமுகப்படுத்தும்போது தவறாமல் சொல்லப்படுகிற தன்மைக்கு உரியது. சோதனை எளிது: கட்டுரையின் முதல் பத்தியில் ‘இது ஒரு திகில் தொடர்’ என்று சான்றோடு எழுத முடிகிறதா? முடிந்தால் பகுப்பு உண்டு. கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாமல் அடியில் மட்டும் பகுப்பு தொங்கினால் எடுத்துவிடலாம், யார் போட்டிருந்தாலும். ஒரு கதைக்கு வகைமைப் பகுப்பு இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். இருவருக்கும் சான்று இருந்தால் திகிலும் மர்மமும் சேர்ந்தே இருக்கட்டும். ஒன்று இருந்தால் மற்றது கூடாது என்று எந்த விதியும் இல்லை.

எழுத்தாளர்கள் இஷ்டம்போல் குறிச்சொல் போட வேண்டும், தேடுபவருக்கும் எளிதாக இருக்க வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. ரசிகர் புனைவுகளுக்கான ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்தில் எழுதுபவர் எந்தச் சொல்லையும் குறிச்சொல்லாக இடலாம். ஒரே பொருளுள்ள சொற்களைத் தன்னார்வலர்கள் பின்னணியில் ஒரு பொதுச்சொல்லோடு இணைத்துவிடுவார்கள். வேலை அழகாகத்தான் நடக்கிறது, ஆனால் அதற்கு ஒரு பெரும்படையே வேண்டும். பத்துப் பேர் நடத்தும் விக்கி அதில் கால் வைக்க வேண்டாம்.

கேள்வி: தளவாரிப் பகுப்பு கூடவே கூடாதா?

பதில்: வாட்பேட், பிரதிலிபி என்று ஒரே கதை இரண்டு மூன்று தளங்களில் இருக்கும்; ஒன்றில் நீக்குவார்கள், இன்னொன்றில் ஏற்றுவார்கள். கட்டுரையின் ஓரத்தில் உள்ள தகவற்பெட்டியில் ஒரு வரியாக இருந்தால் போதும். தளத்தின் பெயரே கதையின் அடையாளமாக நிற்கும் இடங்களில் மட்டும் பகுப்பாக்கலாம்.

கேள்வி: ‘தொடர்கிறது’, ‘முடிந்தது’ பகுப்புகளைக் கையால் மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. பாதிப் பக்கங்களில் தகவல் பழசு.

பதில்: கையால் போடவே கூடாத பகுப்பு இது. தகவற்பெட்டி வார்ப்புருவில் (பல பக்கங்களும் எடுத்தாளும் மாதிரிப் பக்கம்) ‘நிலை’ என்று ஒரு புலம் சேர்த்து, அதில் வரும் சொல்லைப் பொறுத்து வார்ப்புருவே பகுப்பை இடும்படி சுவிட்ச் கட்டளையால் எழுதுங்கள். நான்கு சொற்கள் போதும்: தொடர்கிறது, இடைநின்றது, முடிந்தது, கைவிடப்பட்டது. இந்த நான்கில் சேராத எதைக் கண்டாலும் ‘நிலை சரிபார்க்க வேண்டியவை’ என்ற, வாசகருக்குத் தெரியாத மறைபகுப்பில் போடச் சொல்லுங்கள். ஒருவர் ‘முடிவுற்றது’ என்று எழுதுவார், ஒருவர் ‘முடிந்தது’ என்பதன் பின்னால் முற்றுப்புள்ளி வைப்பார். எல்லாம் அந்த ஒரே இடத்தில் வந்து சிக்கும்.

அடுத்து வரும் சிக்கல்கள் வழக்கமானவை. பகுப்பு வரியை ‘இன்க்ளூட்ஒன்லி’ குறிகளுக்குள் வைக்காவிட்டால் வார்ப்புருப் பக்கமே ஒரு கதையாகப் பகுப்பில் ஏறிவிடும். பெயர்வெளிச் சோதனை (பக்கம் கட்டுரையா, பயனர் பக்கமா என்று பார்ப்பது) இல்லாவிட்டால் பயனர்களின் மணல்தொட்டி வரைவுகளும் கூடவே ஏறும். வார்ப்புருவை மாற்றியதும் பகுப்பு உடனே மாறவில்லை என்று பதறி மறுபடி மறுபடி மாற்றுவார்கள். விக்கி பின்னணியில் செய்யும் பணிவரிசை முடிய நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அவசரமானால் அந்தக் கதைப் பக்கத்தைத் தொகுக்கத் திறந்து, எதையும் மாற்றாமல் சேமியுங்கள்.

கடைசி அத்தியாயத்தின் தேதியைக் கொடுத்து, ஓராண்டு கடந்தால் தானாகவே ‘இடைநின்றது’ ஆகும்படி எழுதலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். எழுதலாம். ஆனால் அந்தப் பக்கத்தை யாராவது தொடும்வரை பகுப்பு பழையபடியே இருக்கும். நாள் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் விக்கி ஒரு பக்கத்தின் பகுப்புகளைத் திரும்பக் கணக்கிடாது. அந்தப் பக்கங்களைத் தானே திறந்து சேமிக்கும் தானியங்கி ஒன்றை மாதம் ஒருமுறை ஓடவிட்டால் சரியாகும்.

‘கைவிடப்பட்டது’ என்பதை எழுத்தாளரே அறிவித்தால் மட்டும் போடுங்கள். நீண்ட நாள் அத்தியாயம் வரவில்லை என்றால் அது ‘இடைநின்றது’தான். எழுத்தாளர் மனத்தில் இருப்பதை விக்கி ஊகிக்க வேண்டியதில்லை.

கேள்வி: பலர் சேர்ந்து எழுதும் ஒரே கற்பனை உலகக் கதைகளை எப்படிப் பகுப்பது? கதையில் வரும் ஓர் அமைப்பு பற்றிய பக்கத்தை ஒருவர் ‘ஆய்வு நிறுவனங்கள்’ பகுப்பில் போட்டுவிட்டார்!

பதில்: எஸ்சிபி விக்கி (ஒரு கற்பனை அமைப்பைப் பற்றிப் பலர் கூடி எழுதும் கதைத் தளம்) போன்றவற்றின் உலகங்களைப் பகுக்கும்போது இது வழக்கமான தலைவலி. மூன்று கூடைகள் வையுங்கள்: அந்த உலகின் படைப்புகள், அந்த உலகின் மாந்தரும் பொருள்களும், அந்த உலகைப் பற்றிய பிற பக்கங்கள் (தளம், உரிமம், தழுவல் விளையாட்டுகள்). கற்பனை அமைப்பு இரண்டாவதில் இருக்க வேண்டும். அதன் தாய்ப்பகுப்பு ‘கற்பனை அமைப்புகள்’ என்றே இருக்கட்டும். நிஜ உலகப் பகுப்பு மரத்தில் ஒரு கிளைகூட இதைத் தொடக் கூடாது. ஆசிரியர் வாரியான பகுப்பு இங்கே வேலைக்கு ஆகாது. ஒரே பக்கத்தைப் பத்துப் பேர் திருத்தியிருப்பார்கள். பெயர் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: ‘வலைக்கதைகள்’ பகுப்பை ‘இணையப் புனைவுகள்’ என்று நகர்த்தினோம். பழைய பெயருக்கு வருபவரைப் புதிய பெயருக்கு அனுப்பும் வழிமாற்றும் இருக்கிறது. ஆனால் பக்கங்கள் எல்லாம் பழைய பகுப்பிலேயே கிடக்கின்றன.

பதில்: பகுப்பின் பக்கம் நகர்ந்தால் உறுப்பினர்கள் கூடவே நகர மாட்டார்கள். ஒவ்வொரு கதைப் பக்கத்தின் அடியிலும் பழைய பெயர் எழுதியபடியே இருக்கிறது. சில டஜன் பக்கங்கள் என்றால் ஹாட்கேட் என்னும் விரைவுப்பகுப்பியால் மாற்றிவிடலாம். மொத்தமாக மாற்ற கேட்-எ-லாட் கருவியோ தானியங்கியோ வேண்டும். வார்ப்புரு வழியாக வந்த பகுப்பு இந்தக் கருவிகளுக்கு அகப்படாது. வார்ப்புருவில்தான் மாற்ற வேண்டும். பழைய பகுப்பு முழுக்கக் காலியான பிறகும் வழிமாற்றை வைத்துக்கொள்ளுங்கள். பழக்க தோஷத்தில் யாராவது பழைய பெயரையே இடுவார்கள், மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

கேள்வி: பகுப்பில் ‘அன்பு’ என்று தொடங்கும் தலைப்பு ‘அமுதம்’ என்பதற்கு முன்னால் நிற்கிறது. அகரவரிசை ஏன் குழம்புகிறது?

பதில்: விக்கி யூனிகோடு எண் (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய எண்) வரிசையில் அடுக்குகிறது. அதில் ‘ந’ முடிந்ததும் ‘ன’ வந்துவிடும், ‘ர’ முடிந்ததும் ‘ற’. ‘ழ’வோ ‘வ’வுக்கு முன்னால். அதனால் ‘அறை’ ‘அலை’க்கு முன்னாலும், ‘அழகு’ ‘அவன்’ என்பதற்கு முன்னாலும் நிற்கும். தமிழ் வரிசைக்கான அமைப்பு மீடியாவிக்கியிலேயே இருக்கிறது. சர்வரை நிர்வகிப்பவர் அதை இயக்கிவிட்டு, வரிசையைப் புதுப்பிக்கும் பராமரிப்பு நிரலையும் ஒருமுறை ஓட்ட வேண்டும். இரண்டாவதை மறந்தால் பழைய பக்கங்கள் பழைய வரிசையிலும் புதியவை புதிய வரிசையிலும் கலந்து, முன்பிருந்ததைவிட மோசமாகும். எழுத்தாளர் பக்கங்கள் முதலெழுத்தில் (பெயருக்கு முன்வரும் இனிஷியலில்) அடுக்கப்படாமல் பெயரில் அடுக்கப்பட வேண்டுமானால், அது தனி வேலை: ஒவ்வொரு பக்கத்திலும் டிஃபால்ட்சார்ட் குறியில் முதலெழுத்தை விட்டுப் பெயரை மட்டும் எழுதுங்கள்.